கணக்குச்சாலையில் பயின்ற பதிப்பாசிரியர்

அரசுப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்று, பேரன் பேத்திகளைக் கண்டு, நிறைவாழ்வு வாழ்ந்து மறைந்த பெரியவர்களுக்கு நினைவு மலர் வெளியிடுவது நம்மிடையே நல்ல வழக்கமாக நிலைத்துவிட்டது. அத்தகைய மலர்களைப் புரட்டினால் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களைக் காணலாம். ஒன்று, அவர் வகித்த பதவிகளின் பட்டியல்: எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தெந்த ஊர்களுக்கு மாற்றலானார், எந்த நிலையில் ஓய்வுபெற்றார் என்பது. மற்றொன்று, அவருடைய குணங்களின் பட்டியல்: அன்பானவர், நேர்மையானவர், எளிமையானவர் என்பது. முதல் பட்டியலில் மனிதர் இல்லை. இரண்டாவதில் வேலை இல்லை. அலுவலகம் சோறு போட்டது, மனிதர் வீட்டில் இருந்தார் என்ற எண்ணமே இந்தப் பிரிவினைக்கு அடிப்படை. தாத்தாவை நினைக்கும்போது அவருடைய சாய்வு நாற்காலி நினைவுக்கு வருகிறது. முப்பது ஆண்டுகள் அவர் எழுதிய கோப்புகள் நினைவுக்கு வருவதில்லை. ஓர் அரசு ஊழியரின் வாழ்வை இப்படி இரண்டாக வகிர்ந்து வைத்தால் இரண்டு பாதிகளுமே விளங்காமல் போகும் என்பது என் கருத்து. அதற்குத் தமிழ் வரலாற்றிலேயே தக்க சான்றாக நிற்பவர் ராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த அவரை நாம் தமிழறிஞர் என்று நினைக்கிறோம். கணக்காய்வாளர் என்றும் நீதிபதி என்றும் நினைப்பதில்லை. அவருடைய பதிப்புப் பணியின் நெறி அந்த இரண்டு அலுவல்களிலிருந்தே பிறந்தது என்பதை அவருடைய நூல்களைக் கொண்டே காட்ட முடியும்.

அவருடைய காலத்தில் வாழ்ந்து, அவரைப் போலவே அரசுச் சம்பளம் பெற்று, அதே பணியில் ஈடுபட்டவர் உ. வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்து, 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919இல் ஓய்வுபெற்றவர் அவர். அவரைத் தமிழ்நாடு முழுவதும் தாத்தா என்று சொந்தம் கொண்டாடுகிறது. தாமோதரம்பிள்ளைக்கு அந்த உறவு வாய்க்கவில்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஐயர் பதிப்பித்த நூல்களின் எண்ணிக்கையும் செம்மையும் மிகப் பெரியவை. அவர் 1942 வரை வாழ்ந்தார். இவர் 1901ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே காலமாகிவிட்டார். ஆனால் நினைவு என்ற அளவில் பார்த்தால் ஒரு வேறுபாடு முதன்மையானது. ஓய்வுபெற்று இருபது ஆண்டுகள் கடந்தபின், 1940 முதல் ஆனந்த விகடனில் ஐயர் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். என் சரித்திரம் படித்தவர்கள் அவரை வீட்டுப் பெரியவராக அறிந்துகொண்டார்கள். தாமோதரம்பிள்ளை தம் வரலாற்றை எழுதி வைக்கவில்லை. பதிப்புரைகளையே எழுதி வைத்தார். ஆகவே அவரை அறிய விரும்புவோர் அவற்றைப் பணி ஆவணங்களைப் படிப்பதுபோல் படிக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் உருக்கம் இல்லாமல் இல்லை. ஆயினும் அவை முதலில் ஒரு பொறுப்பாளர் தம் செயலுக்குக் கணக்குச் சொல்லும் அறிக்கைகளாகவே அமைந்துள்ளன.

வாழ்க்கைக் குறிப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் வைரவநாதபிள்ளையின் மகனாகப் பிறந்தார். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழும், வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலக் கல்வியும் பயின்றார். கோப்பாயில் ஆசிரியராக இருந்த இளம் பருவத்திலேயே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் அச்சிட்டார். பீற்றர் பார்சிவல் பாதிரியார் அழைத்ததன் பேரில் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழைப் பொறுப்பேற்று நடத்தினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியபோது அதன் முதல் பட்டதாரிகளாக வந்த இருவர் இவரும் கறோல் விசுவநாதபிள்ளையும் ஆவர். இருவருமே யாழ்ப்பாணத்தவர் என்பது அன்றைய ஈழத்துக் கல்வி நிலையை நன்கு காட்டும். கள்ளிக்கோட்டையில் சிறிது காலம் ஆசிரியப் பணி ஆற்றியபின் சென்னை அரசாங்கத்தின் வரவு செலவுக் கணக்குச்சாலையில் அமர்ந்து, படிப்படியாக உயர்ந்து விசாரணைக் கர்த்தரானார். வேலையில் இருந்துகொண்டே சட்டம் படித்து 1871இல் பி.எல். பட்டம் பெற்றார். 1882இல் ஓய்வுபெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்தார். பிறகு சென்னையில் தங்கினார். 1895இல் அரசு ராவ்பகதூர் பட்டம் அளித்தது.

இந்த ஆண்டுகளுக்குப் பக்கத்தில் பதிப்புகளின் ஆண்டுகளை வைத்துப் பார்க்க வேண்டும். பணியில் இருந்த காலத்தில் வெளிவந்த பழைய இலக்கணப் பதிப்புகள் இரண்டே: 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரை, 1881இல் வீரசோழியம். ஓய்வுபெற்ற பின்போ, 1883இல் இறையனார் களவியலுரையும் தணிகைப் புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும், 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891இல் எழுத்ததிகார நச்சினார்க்கினியமும், 1892இல் சொல்லதிகார நச்சினார்க்கினியமும் வெளிவந்தன. பத்தாண்டுகளில் எட்டு நூல்கள். ஓய்வு கிடைத்தது, நேரம் கிடைத்தது, நூல் வந்தது என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அந்தப் பத்தாண்டுகளில் அவர் ஓய்வாக இருக்கவில்லை. ஐந்தாண்டுகள் வழக்கறிஞர் தொழில். மூன்றாண்டுகள் நீதிபதி ஆசனம். சூளாமணியும் இலக்கண விளக்கமும் வெளிவந்த 1889இல் அவர் புதுக்கோட்டையில் வழக்குகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகையால் வெறும் ஓய்வு நேரம் இந்த விளைச்சலுக்குக் காரணம் ஆகாது. பணியில் இருந்தபோது மெல்லத் திரண்ட ஒரு வேலைமுறை, மேலதிகாரியின் நேரக்கட்டு நீங்கியதும் தன் முழு வேகத்தைக் காட்டியது என்று கொள்வதே பொருந்தும். 1868க்கும் 1881க்கும் இடையிலான பதின்மூன்று ஆண்டுகள் வெறுமையாகக் கழிந்தன என்றும் நினைக்கக் கூடாது. சட்டப் படிப்பு, பாடநூல்கள், ஏடு தேடுதல் ஆகிய எல்லாம் அந்தக் காலத்தில்தான் நடந்தன.

அந்த வேலைமுறை என்ன? கணக்காய்வாளரின் பணி மூன்று கேள்விகளைக் கேட்பது. இந்தத் தொகை எங்கிருந்து வந்தது? அதற்குச் சான்று எது? சான்றும் பதிவும் பொருந்தாத இடத்தில் யார் பொறுப்பு? தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளில் இந்த மூன்று கேள்விகளும் ஏடுகளை நோக்கித் திரும்புகின்றன. எவ்வூரில் யாரிடமிருந்து பிரதி கிடைத்தது என்பதைப் பெயர் சொல்லிப் பதிவு செய்கிறார். பிரதியின் நிலையை விவரிக்கிறார். தமக்கு முன் சென்னையில் பொருளதிகாரப் பயிற்சி உடையவராக இருந்தவர் வரதப்ப முதலியார் என்றும், அவருக்குப் பின் எழுத்தும் சொல்லும் கற்றவர் உண்டேயன்றிப் பொருள் கற்றவர் அரிது என்றும் எழுதுகிறார். ஒரு நூல் எத்தனை பேர் கையில் உயிரோடு இருக்கிறது என்று இருப்புக் கணக்கு எடுப்பவர் மட்டுமே இப்படி எழுதுவார். ஏடுகளின் சிதைவைப் பற்றி அவர் எழுதிய ஒரு பகுதி பலராலும் எடுத்துக்காட்டப்படுவது: தொட்டால் ஓரம் உதிர்வதையும், அவிழ்த்தால் இதழ் முறிவதையும், எழுத்துகளைப் பூச்சி அரித்திருப்பதையும் அங்கே அவர் வரிசையாகச் சொல்கிறார். அதைப் பெரும்பாலும் உருக்கமான உரைநடைக்கு எடுத்துக்காட்டாகவே படிக்கிறோம். அதில் உருக்கம் உண்டுதான். ஆனால் அதன் நடை ஓர் ஆய்வு அதிகாரியின் நடை. எடுக்கும்போது என்ன நேர்கிறது, கட்டு அவிழ்க்கும்போது என்ன நேர்கிறது, புரட்டும்போது என்ன நேர்கிறது என்று செயல் வரிசைப்படி சேதத்தைப் பதிவு செய்கிறது அது. இன்னும் சில ஆண்டுகள் கழிந்தால் இருப்பு சுழியம் ஆகிவிடும் என்ற முடிவுக்கு வாசகரை அந்த வரிசையே கொண்டு செல்கிறது.

கணக்குச்சாலையின் மற்றொரு பாடம், பொதுப்பணத்தைக் கையாள்பவர் தம் பிழைக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டும் என்பது. பொருளதிகாரத்தை அச்சிடுவதில் பிழை நேரும், அறிந்தோர் குறைகூறுவர் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். தம்மினும் கற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கற்றவர்கள் முன்வராதபோது, பிழையோடேனும் அச்சில் இருப்பது அழிந்து போவதைவிட மேல் என்பது அவர் எடுத்த முடிவு. அவருடைய காலத்துப் புலவர் மரபில் இது எளிய முடிவன்று. ஒரு பாடம் பிழைபட்டால் அதைச் சொல்லி எள்ளி நகையாடி, கண்டனத் துண்டறிக்கைகள் வெளியிட்ட காலம் அது. புலவர் பட்டத்தையே பெருமையாகக் கொண்டவருக்கு அந்த இழப்பைத் தாங்குவது கடினம். அரசு அலுவலில் ஆண்டுதோறும் தணிக்கைக் குறிப்புகளை எழுதியவருக்கு, தம் வேலையிலும் ஒருவர் குறை காண்பார் என்பது தொழிலின் இயல்பாகத் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் துணிவை அவருடைய பிறவிக் குணம் என்று மட்டும் சொல்லி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் அவருக்குக் கொடுத்தது வேறொன்று. 1881இல் வெளிவந்த வீரசோழியப் பதிப்புரையில் தமிழின் வரலாற்றை அபோதகாலம், அட்சரகாலம், இலக்கணகாலம், சமுதாயகாலம், அநாதாரகாலம், சமணகாலம், இதிகாசகாலம், ஆதீனகாலம் என எட்டாகப் பகுத்தார். இன்று அந்தப் பகுப்பை எவரும் அப்படியே ஏற்பதில்லை. அதில் புராணச் செய்திகளும் வரலாற்றுச் செய்திகளும் கலந்து நிற்கின்றன. சங்க நூல்கள் முழுமையாக வெளிவராத காலத்தில் செய்யப்பட்டதால் அதன் அடித்தளமும் போதாது. என்றாலும் அந்தப் பதிப்புரையின் வாதமுறையைக் கவனிக்க வேண்டும். ஒரு நூலின் காலத்தை முடிவுசெய்ய அவர் பாயிரச் செய்தி, உரையாசிரியர் கூற்று, மேற்கோள், ஒரு நூல் மற்றொன்றை அறிந்திருப்பது ஆகியவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எடுத்து நிறுத்துகிறார். எதிர்க்கட்சி என்ன சொல்லும் என்பதைத் தாமே முன்வைத்து விடை கூறுகிறார். பழைய உரை மரபிலும் தடை விடை உண்டு என்பது உண்மை. அந்த மரபில் தடையும் விடையும் சூத்திரத்தின் பொருளைப் பற்றியவை. இங்கே அவை நூல் எப்போது தோன்றியது, யார் செய்தார், எந்தக் கையெழுத்துப் பிரதி நம்பத்தக்கது என்ற நிகழ்ச்சி உண்மைகளைப் பற்றியவை. இலக்கணத் தடைவிடை, நீதிமன்றத்துச் சான்று விசாரணையாக உருமாறிய இடம் இது. தமிழில் இலக்கிய வரலாறு என்ற துறை வளர்வதற்கு இந்த மாற்றம் தேவைப்பட்டது.

நீதிபதிக்குரிய நடுநிலைக்கும் அவருடைய நூற்பட்டியலே சான்று. அவர் சமயத்தால் சைவர். சைவத்தின் பெருமையைத் தனியாக எழுதியவர். ஏழாலையில் சைவப் பள்ளி ஒன்றை நிறுவியவர். அவர் பதிப்பித்த வீரசோழியம் பௌத்தர் செய்த இலக்கணம். சூளாமணி சமணக் காப்பியம். தணிகைப் புராணம் முருகனைப் பாடுவது. இலக்கண விளக்கத்தின் கதை இன்னும் கூர்மையானது. திருவாரூர் வைத்தியநாத தேசிகர் செய்த அந்நூலைச் சிவஞான முனிவர் இலக்கண விளக்கச் சூறாவளி என்னும் நூலால் கடுமையாக மறுத்திருந்தார். அந்த மறுப்பை அச்சில் வெளியிட்டவர் ஆறுமுக நாவலர். தாமோதரம்பிள்ளையின் முதல் தொல்காப்பியப் பதிப்பைப் பார்வையிட்டு உதவியவரும் அவரே. முனிவரும் நாவலரும் சைவத் தமிழ் உலகில் பெற்றிருந்த மதிப்பை நினைத்தால், மறுக்கப்பட்ட நூல் மறக்கப்படுவதே இயல்பு. தாமோதரம்பிள்ளை 1889இல் இலக்கண விளக்கத்தை முழுமையாக அச்சிட்டார். கண்டனம் மட்டும் வாசகர் கையில் இருந்து, கண்டிக்கப்பட்ட நூல் இல்லாமல் இருப்பது ஒருதலை விசாரணை ஆகும். அந்த ஆண்டு அவர் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்குவோர் ஒதுக்கலாம். எனக்கு அது ஒரே மனத்தின் இரண்டு செயல்களாகவே தோன்றுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தாமோதரம்பிள்ளையின் கல்வியை உருவாக்கியது முத்துக்குமாரக் கவிராயரும் வட்டுக்கோட்டை செமினரியும். பதிப்புக்கு வழிகாட்டியவர் நாவலர். அச்சுத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது தினவர்த்தமானி. அலுவலகத்துக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். முதல் மூன்றையும் நான் மறுக்கவில்லை. தமிழ்ப் புலமையும் ஆங்கிலக் கல்வியும் அச்சு அறிவும் இல்லாமல் இந்த வேலை தொடங்கியே இருக்காது. ஆனால் அவை மூன்றும் 1868க்கு முன்பே அவரிடம் முழுமையாக இருந்தன. 1868 பதிப்பு நாவலரின் பார்வையில் நடந்தது. அதில் தாமோதரம்பிள்ளையின் சொந்தக் குரல் மேலோங்கவில்லை. நாவலர் 1879இல் மறைந்தார். அதற்குப் பின் 1881இல் வந்த வீரசோழியத்தில்தான் சான்றுகளைத் தொகுத்து வழக்காடும் நீண்ட பதிப்புரை தோன்றுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் புதிதாகக் கற்றவை கணக்கும் சட்டமும். நாவலரின் பதிப்புகளையும் இவருடைய பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்த வேறுபாடு புலப்படும். நாவலர் திருத்தமான மூலத்தை வாசகர் கையில் கொடுப்பதில் கருத்தூன்றினார். அந்த மூலம் எப்படிக் கிடைத்தது என்ற வரலாற்றை விரித்துரைப்பதில் அவருக்கு அத்தனை அக்கறை இல்லை. இவரோ அந்த வரலாற்றைப் பொது ஆவணமாக்கினார்.

அரசு வேலையில் இருந்தவர்கள் எத்தனையோ பேர், அவர்கள் எல்லாரும் நூல் பதிப்பித்தார்களா என்றும் கேட்பார்கள். இல்லைதான். ஆனால் அலுவலகப் பயிற்சி தமிழுக்குள் புகுந்த வேறு வழிகளும் அதே காலத்தில் உண்டு. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தந்தவர். 1879இல் தமிழின் முதல் நாவலைத் தந்தவரும் அவரே. தபால் துறை அதிகாரி வி. கனகசபைப் பிள்ளை பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்திய தமிழர் வாழ்வைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1904இல் வந்தது. முன்சீப் ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை சைவ சித்தாந்த சாத்திரங்களை உலகறியச் செய்தார். வேலை அவர்களுக்குத் தடையாக இருந்தது என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் இந்த வரிசைக்கே விளக்கம் கிடைக்காது.

அந்நிய அரசுக்கு ஊழியம் செய்தவரைப் பொதுப்பணியாளர் என்று எப்படிப் போற்றுவது என்ற கேள்வி இதனினும் கனமானது. அந்த அரசின் கணக்குச்சாலை மக்களிடமிருந்து பெற்ற வரியின் கணக்கைத்தான் பார்த்தது என்பதை மறைக்க முடியாது. ராவ்பகதூர் பட்டத்தையும் அந்த அரசே அளித்தது. அவரை அரசியல் போராளியாகக் காட்ட முயல்வது பொய்யாகவே முடியும். ஆயினும் அந்த அரசின் கீழ்ப் பெற்ற ஒழுங்கை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதைப் பார்க்க வேண்டும். ஏடுகள் அன்று மடங்களிலும் புலவர் வீடுகளிலும் தனியுடைமையாக இருந்தன. ஏடு உள்ளவர் காட்டினால்தான் பிறர் காணலாம். அவர் அவற்றைக் கேட்டுப் பெற்று, ஒப்பிட்டு, அச்சிட்டு, விலை கொடுத்து வாங்கக்கூடிய எவர் கையிலும் சேரும்படி செய்தார். எட்டுத்தொகையுள் முதலில் அச்சேறியது அவருடைய கலித்தொகைதான். யாருடைய வீட்டுச் சொத்தாகவோ இருந்த நூல் எல்லாருடைய சொத்தும் ஆயிற்று. பொதுப்பணி என்பதற்கு இதைவிட நேரான பொருளை நான் அறியேன். அதை எந்த அரசும் அவருக்கு இட்ட கட்டளையாகவும் சொல்ல முடியாது. தம் உழைப்பையும் பணத்தையும் அதில் அவர் தாமே இட்டார்.

சாமிநாதையரோடு அவருக்கு ஏற்பட்ட மனக்கசப்பை இங்கே தவிர்க்க இயலாது. 1882க்குப் பின் இருவரும் கும்பகோணத்தில் அருகருகே வாழ்ந்தார்கள். சீவக சிந்தாமணியை யார் பதிப்பிப்பது என்பதில் உண்டான சங்கடத்தை ஐயர் என் சரித்திரத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நூலைப் படிப்பவர்கள் இளைஞரான ஐயரின் பக்கத்திலிருந்தே நிகழ்ச்சியைக் காண்கிறார்கள். மற்றவரின் பக்கத்தைக் கூறும் தன்வரலாறு இல்லை. அதனால் பிள்ளையவர்களின் உருவம், பிறர் உழைப்பைக் கேட்டு வாங்க முயன்ற செல்வாக்குள்ள பெரியவர் என்ற அளவில் சிலர் மனத்தில் தங்கிவிட்டது. 1887இல் ஐயரின் சிந்தாமணியும் இவருடைய கலித்தொகையும் ஒரே ஆண்டில் வெளிவந்தன என்ற செய்தி அந்த உருவத்தைத் திருத்தப் போதுமானது. நாவலர் அடித்தளம் இட்டார், பிள்ளை சுவர் எழுப்பினார், ஐயர் கூரை வேய்ந்தார் என்று மூவரையும் வரிசைப்படுத்திச் சொல்லும் வழக்கம் உண்டு. சமாதானமான வரிசைதான். ஆனால் அது இவரை இடைநிலையில் நிறுத்தி, தனித்தன்மையை மறைத்துவிடுகிறது. பெரியவர் மறைந்தபோது ஐயர் இரங்கற்பா எழுதினார் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. 

கடைசியாக, அவருடைய பதிப்புகள் குறையுடையவை என்ற குற்றச்சாட்டு. இது உண்மையான குற்றச்சாட்டு. பாடபேதக் குறிப்பும் அரும்பத அகராதியும் நூலாசிரியர் வரலாறும் ஐயரின் பதிப்புகளில் உள்ள விரிவோடு இவரிடம் இல்லை. கலித்தொகை முழுவதையும் நல்லந்துவனார் செய்ததாகவே கொண்டு அச்சிட்டார். ஐந்து புலவர் பாடியது என்ற கருத்துக்கு அது பொருந்தாது. கலித்தொகைக்கு மேலும் திருத்தமான பதிப்பு வேண்டியிருந்தது; 1925இல் இ. வை. அனந்தராமையர் அதைத் தந்தார். எல்லாவற்றினும் பெரிய பிழை பொருளதிகாரத்தில் நேர்ந்தது. அதன் பிற்பகுதி இயல்களுக்குக் கிடைத்த உரையையும் நச்சினார்க்கினியர் உரை என்றே கொண்டு 1885இல் வெளியிட்டார். அது பேராசிரியர் உரை என்பதைப் பின்னாளில் செந்தமிழ் இதழில் ரா. இராகவையங்கார் நிறுவினார். ஓர் உரையாசிரியரின் உழைப்பு மற்றொருவர் பெயரில் நிற்பது சிறிய தவறன்று. கணக்காய்வாளருக்கு அது மிகவும் பெரிய தவறு. ஆனால் இராகவையங்கார் எதை வைத்து அதைக் கண்டார் என்று பார்க்க வேண்டும். அச்சில் வந்த பகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உரையின் நடையையும் மேற்கோளையும் கருத்து மாறுபாட்டையும் அலசியே கண்டார். ஏட்டில் மட்டும் இருந்திருந்தால் அந்த ஒப்பீடு சில வீடுகளின் சுவர்களுக்குள்ளேயே நின்றிருக்கும். பிழை பொதுவெளியில் இருந்ததால் திருத்தமும் பொதுவெளியில் நடந்தது. செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை தனியே கிடைத்தபோது அதை 1917இல் இராகவையங்கார் வெளியிட்டார். ஏறத்தாழ அதே நேரத்தில் நச்சினார்க்கினியர் உரைப் பகுதியையும் பேராசிரியர் உரைப் பகுதியையும் பிரித்து, உரியவர் பெயரிலேயே அச்சிட்டவர் ச. பவானந்தம் பிள்ளை. அவரும் ஓர் அரசு ஊழியரே: சென்னை நகரக் காவல்துறையில் துணை ஆணையராக இருந்தவர்.